மஞ்சள் திரை வந்த கதை

1. சிஸ்டரின் போன்

"டேட்டா பேக்கேஜ்தானே? வாரா வாரம் புது ஃபைலை உள்ளே வைத்து அனுப்ப வேண்டியதுதான்." இந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தபோது இப்படித்தான் சொன்னார்கள். நானும் நம்பினேன். அதே மாதத்தில் பிலோமினா சிஸ்டர் போன் செய்தார்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அன்றைய நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதும் நம் அலுவலகம் தருமபுரி நான்கு ரோடு பக்கத்தில் இதே பேக்கரி மாடியில்தான் இருந்தது. நான் பொம்மிடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். செய்வதும் இதே வேலைதான். கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள் தொகுப்பான பெரிய லினக்ஸ் டிஸ்ட்ரிப்யூஷன் ஒன்றை அடித்தளமாக எடுத்துக்கொண்டு, சிறிய அறக்கட்டளை மருத்துவமனைகளுக்கும் மிஷன் க்ளினிக்குகளுக்கும் வேண்டிய பேக்கேஜ்களை அதன்மேல் சேர்த்துக் கொடுத்தோம். மலையோரத்தில் பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சமாளிக்கிற க்ளினிக்குகள்தான் அதிகம்.

அந்தப் பேக்கேஜ்களில் இரண்டு ஒன்றோடொன்று சேர்ந்தவை. ஒன்று புரோகிராம். மருந்துக் கவுண்டரில் இருப்பவர் மருந்தின் பெயரையும் பேட்ச் நம்பரையும் அடித்தால், அந்த பேட்ச் தரமில்லை என்று திரும்பப் பெறப்பட்டதா என்று பார்த்துச் சொல்லும். திரும்பப் பெறப்பட்டதென்றால் திரை சிவப்பாகும். இல்லையென்றால் பச்சை. இன்னொன்று, அந்தப் புரோகிராம் பார்க்கிற பட்டியல். அரசு ஆய்வகங்கள் தரமற்றவை என்று அறிவிக்கும் பேட்ச்களையெல்லாம் திரட்டி, ஒரே ஃபைலாக்கி, வாரத்துக்கு ஒருமுறை டேட்டா பேக்கேஜாக அனுப்புவோம். க்ளினிக் கம்ப்யூட்டர்கள் அதைத் தாமாகவே இறக்கிக்கொள்ளும்.

இந்த டேட்டா பேக்கேஜை எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டவர் தினேஷ். சென்னையில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் எழுதிவைத்த ஸ்கிரிப்டை ஓட்டினால் போதும், பேக்கேஜ் பில்ட் ஆகும், அதாவது தயாராகும், சர்வரில் ஏறும். நானும் ஓட்டினேன். ஒவ்வொரு வாரமும் எல்லாம் சரி என்றுதான் வந்தது.

பிலோமினா சிஸ்டர் பென்னாகரத்தைத் தாண்டி, காட்டோரக் கிராமங்களுக்கு நடுவில் ஒரு க்ளினிக் நடத்துகிறார். நர்ஸ் படித்த கன்னியாஸ்திரி. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் சிஸ்டர்தான் எல்லாம். எங்களுக்குப் போன் செய்தால் பெரும்பாலும் பிரிண்டர் தகராறாகத்தான் இருக்கும். அன்று அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மேரி, ஒரு கண் சொட்டு மருந்தோட பேட்ச் நம்பர் சொல்றேன். உன்னோட கம்ப்யூட்டர்ல அடிச்சுப் பாரும்மா."

அடித்தேன். என் திரை சிவப்பானது.

"சிவப்பா வருதுங்க சிஸ்டர். ரெண்டு மாசம் முன்னாடியே லிஸ்ட்ல வந்துடுச்சு. கிருமி கலந்திருக்குதுன்னு போட்டிருக்காங்க."

மறுபக்கம் அவரும் கீபோர்டைத் தட்டுவது கேட்டது.

"எனக்கு இங்க பச்சையா இருக்குதேம்மா. இப்பவும் பச்சைதான். சேலம் ஆஸ்பத்திரில இருக்கிற எங்க சிஸ்டர் ஒருத்தங்க வேற எதுக்கோ பேசினப்ப, இந்த மருந்த நிறுத்திட்டாங்க தெரியாதான்னு கேட்டாங்க. அதான் உன்னக் கூப்பிட்டேன்."

"யாருக்காவது குடுத்துட்டீங்களா சிஸ்டர்?"

"கண் கேம்ப்ல ஆப்ரேஷன் பண்ணிட்டு வந்தவங்களுக்கெல்லாம் குடுத்திருக்கோம்மா. ஒரு மாசம் போடணும்னு சொல்லி அனுப்பிச்சோம்."

கண்புரை அறுவை முடிந்த கண்ணில் கிருமி போனால் என்ன ஆகும் என்று அவர் எனக்கு விளக்கவில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மிச்சமிருக்கும் பாட்டில்களைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். "அத அப்பவே எடுத்துப் பூட்டிட்டேன்" என்றார். போன் நம்பர் உள்ள நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிடப்போவதாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

2. நிறுத்தி வைக்கப்பட்டவை

சிஸ்டருடைய கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைந்து பார்த்தேன். இன்டர்நெட் இருந்தது. சர்வரோடு தொடர்பு இருந்தது. ஒவ்வொரு வாரமும் அப்டேட் ஓடியிருந்தது. ஆனால் நடந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் லாகில், ஒவ்வொரு வாரமும் ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது: பின்வரும் பேக்கேஜ்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்த வரிக்குக் கீழே எங்கள் டேட்டா பேக்கேஜின் பெயர்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தினேஷ் போவதற்கு முன்னால் பட்டியலைப் புதிய வடிவத்துக்கு மாற்றியிருந்தார். பட்டியல் பெரிதாகிக்கொண்டே போனதால் பழைய கம்ப்யூட்டர்களில் தேடுவதற்கு நேரம் பிடித்தது. புதிய வடிவத்தில் தேடல் வேகம். ஆனால் அதைப் புரோகிராமின் மூன்றாம் வெர்ஷனால்தான் படிக்க முடியும். எனவே டேட்டா பேக்கேஜில், "மூன்றாம் வெர்ஷன் இருந்தால்தான் நான் உள்ளே வருவேன்" என்று ஒரு டிபென்டன்சி போட்டிருந்தார். அதில் தவறே இல்லை. படிக்க முடியாத ஃபைலைக் கம்ப்யூட்டரில் இறக்கிவிடுவது, இறக்காமல் இருப்பதைவிட மோசம்.

ஆனால் அந்த மூன்றாம் வெர்ஷன் க்ளினிக்குகளுக்குப் போகவில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் டிஸ்ட்ரிப்யூஷன் ஃப்ரீஸில் இருந்தது. ஃப்ரீஸ் என்றால், ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம்களில் கை வைக்கக் கூடாது என்று ஒரு காலம். ஒன்றைத் திருத்தப்போய் இன்னொன்று கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. அது சில வாரத்தில் முடியும் என்று தினேஷ் நினைத்திருந்தார். ஏதேதோ காரணத்தால் நீண்டுகொண்டே போனது. புதிதாக நிறுவிய நகரத்து மருத்துவமனைகளில் மூன்றாம் வெர்ஷன் இருந்ததால் அங்கே பட்டியல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் மட்டும் ஒவ்வொரு வாரமும் எங்கள் பேக்கேஜை வாசலிலேயே நிறுத்திவிட்டு, கையிலிருந்த பழைய பட்டியலைப் பார்த்துப் பச்சை காட்டிக்கொண்டிருந்தன.

தினேஷைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "அய்யோ, இன்னுமா மூணு போகல?" என்றார். பழைய வடிவத்தை உருவாக்கும் ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் தலைவர் கிரிதரன் சார். ஃப்ரீஸ் விஷயத்தில் கறாரானவர். அவருடைய கறாரால்தான் எங்கள் கம்ப்யூட்டர்கள் வருஷக்கணக்கில் மக்கர் செய்யாமல் ஓடின என்பதையும் சொல்ல வேண்டும். நான் விவரம் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"டிபென்டன்சிய எடுத்துட்டு, பழைய ஃபார்மட்ல ஒரு பில்ட் போடுங்க மேரி. இன்னைக்கே எல்லா மெஷினும் சரியாயிடும்."

"மெஷின் சரியாயிடுங்க சார். மருந்து வாங்கிட்டுப் போனவங்க?"

"அத க்ளினிக் பாத்துக்கும். நம்ம வேலை சாஃப்ட்வேர்."

"நம்ம சாஃப்ட்வேர் பச்சை காட்டினதாலதானே சார் குடுத்தாங்க?"

நான் போய் பில்டைப் போட்டேன். இனி எந்தக் கம்ப்யூட்டரும் பட்டியலைத் திருப்பி அனுப்பக் கூடாது. அதற்காகப் பழைய வடிவம், புதிய வடிவம் இரண்டையும் ஒரே பேக்கேஜுக்குள் வைத்தேன். எது முடிகிறதோ அதைப் புரோகிராம் படித்துக்கொள்ளும். மதியத்துக்குள் சிஸ்டரின் திரையில் அந்த பேட்ச் சிவப்பானது.

அதற்குள் சிஸ்டர் மறுபடியும் கூப்பிட்டார். போனில் சிலரைத்தான் பிடிக்க முடிந்ததாம். கொடுத்த நம்பரில் பாதி, பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகளுடையது. மீதியில் சில, மலைக்குப் பின்னால் டவர் கிடைக்காத ஊர்கள்.

நான் பையை எடுத்துக்கொண்டேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் கிரிதரன் சார்.

"பென்னாகரம் பஸ்ஸு சார். நேர்ல போய் பாட்டில வாங்கணும். அங்க சிஸ்டரும் ஒரு நர்ஸும்தான். க்ளினிக்க மூட முடியாது. இன்னொரு ஆள் வேணும்."

"நீங்க போய் என்னங்க பண்ணுவீங்க?"

"பாட்டில் வாங்கறதுக்குப் படிப்பு எதுவும் வேணாங்க சார்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு போனை எடுத்தார். "சரி, போயிட்டு வாங்க. இந்த பேட்ச் வேற எந்த க்ளினிக்ல இருக்குன்னு நான் ஒவ்வொண்ணா கேக்கறேன்."

3. ஊர் ஊராக

மறுநாள் விடிந்ததும் க்ளினிக் ஜீப்பில் கிளம்பினோம். சிஸ்டரே ஓட்டினார். பின்சீட்டில் ஒரு பெட்டி நிறைய வேறு கம்பெனியின் சொட்டு மருந்து. அதையெல்லாம் இப்போது சிவப்பா பச்சையா என்று பார்த்து, சேலத்துக்கும் போன் போட்டு உறுதிசெய்து எடுத்து வைத்திருந்தார். பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்க வேண்டும்.

வழியில் நான் சொன்னேன்: "சிஸ்டர், தப்பு மருந்துன்னு சொன்னா பயந்துடுவாங்க. கம்பெனி மாத்திட்டாங்க, புதுசு தரோம்னு சொல்லலாமா?"

"வேணாம்மா. அப்படிச் சொன்னா பழசையும் வெச்சுக்கிட்டுப் புதுசையும் வாங்கிக்குவாங்க. ரெண்டையும் போடுவாங்க. உள்ளது உள்ளபடி சொல்லிடலாம்."

முதல் வீட்டிலேயே எனக்கு அதன் அர்த்தம் புரிந்தது. சின்னப்பாப்பா என்ற பெண்மணி ராகி புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் முறம் நின்றது.

"குடுத்த மருந்தத் திருப்பிக் கேட்டா இன்னாங்க அர்த்தம்? கெட்ட மருந்தா குடுத்தீங்க?"

"ஆமாங்க. அந்த மருந்து சரியில்லைன்னு நேத்துதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டோம். கண்ணக் காட்டுங்க, பாக்கறேன்" என்றார் சிஸ்டர்.

சின்னப்பாப்பா கத்தினார். பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று, வாங்கிய மருந்து என்றார். நாங்கள் எளிய ஜனங்கள் என்பதால் எதை வேண்டுமானாலும் ஊற்றுவீர்களா என்று கேட்டார். சிஸ்டர் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தையைக்கூட மறுக்கவில்லை. கத்தி முடித்த பிறகு சின்னப்பாப்பா உள்ளே போய் பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். முகத்தைத் தூக்கிக் கண்ணைக் காட்டினார். கண் தெளிவாக இருந்தது.

அடுத்து மாதப்பன். ஆடு மேய்ப்பவர். வீட்டில் இல்லை என்று சொல்லி, ஏரிக்கரைப் பக்கம் கை காட்டினார்கள். நடந்து போய்ப் பிடித்தோம். பாட்டில் மடியில்தான் இருந்தது. ஆனால் பாதிக்கு மேல் காலி.

"நாளைக்கு எத்தன வாட்டி போட்டீங்க?" என்று சிஸ்டர் கேட்டார்.

"நான் எங்கீங்க போட்டேன்? மொத நாளு போட்டன். எரிஞ்சுது, வுட்டுட்டேன். அந்தக் கருப்பாட்டுக்குக் கண்ணுல பீள தள்ளுச்சு, அதுக்குத்தான் ஊத்தினன்."

சிஸ்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. அவருடைய கண்ணைப் பார்த்தார். பிறகு, அவர் விடாமல் கெஞ்சியதால், ஆட்டின் கண்ணையும் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆட்ட மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். எரிந்ததால் நிறுத்திய அந்த மனிதரைப் பார்த்து, எரிந்தும் நிறுத்தாதவர்கள் எத்தனை பேரோ என்ற பயம் எனக்குள் வந்தது.

அதற்கு மேலே இருந்த ஊரில் கன்னடம் பேசும் குடும்பம். அந்த அம்மாவுக்குத் தமிழ் புரியும், பேசுவது கன்னடம். "கண்ணு சென்னாகிதே" என்றார். நன்றாக இருக்கிறதாம். பாட்டிலைத் திறக்கவே இல்லை. மகன் ஊரிலிருந்து வந்து போட்டுவிடுவான் என்று காத்திருந்தாராம். அறுவை செய்த கண்ணுக்கு மருந்தே போடாமல் இருந்ததற்காக சிஸ்டர் அவரைக் கடிந்துகொண்டார். கடிந்துகொண்டே புதிய பாட்டிலைத் திறந்து தானே போட்டுவிட்டார்.

முனியம்மாவின் வீட்டுக்குப் போனபோது வெயில் உச்சியில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுத்திருந்தார். புளி தட்டிக் கொட்டை எடுக்கிற வேலைக்குப் போகிறவர். நான்கு நாளாகப் போகவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார்.

"வெளிச்சம் ஆவல சிஸ்டர். கண்ணுக்குள்ள மண்ணப் போட்டாப்புல இருக்குது. மருந்து போட்டா சரியாப்பூடும்னு வுடாம போட்டுக்கிட்டுதான் கெடக்கறேன்."

சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். கண் முழுக்கச் சிவந்து, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. சிஸ்டர் முனியம்மாவின் தோளில் கை கொடுத்து எழுப்பினார். "இப்பவே தருமபுரி போறோம்" என்றார்.

ஜீப்பின் பின்சீட்டில் முனியம்மா என்மேல் சாய்ந்திருந்தார். கண்ணில் வெளிச்சம் படாமல் என் துப்பட்டாவைப் போர்த்திவிட்டேன். மலை இறங்கியதும் கேட்டார்:

"நீ நர்ஸாம்மா?"

"இல்லீங்க. கம்ப்யூட்டர் வேலை. உங்க மருந்த நல்லதுன்னு காட்டுச்சே ஒரு கம்ப்யூட்டர், அத நாங்கதான் செய்யறோம்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு வலி. கோபத்துக்கு இடமில்லை.

"நல்லதுன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"அதுக்குத் தெரியலீங்க. தெரியாமலே சொல்லிடுச்சு" என்றேன்.

மருத்துவமனையில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் கண்ணை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் சிஸ்டரிடம் சொன்னார்.

நாங்கள் திரும்பவும் மலை ஏறினோம். மீதி ஊர்களை மறுநாளும் சுற்றினோம். கடைசியாக ஒருவர் மட்டும் அகப்படவில்லை. பெருமாள் என்ற முதியவர். மகள் ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கும் கடை வைத்திருக்கிறாள், அங்கே போயிருப்பார் என்றார்கள். நேராக அங்கே போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொண்டு போய், எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெருமாளைக் கண்டுபிடித்தோம். மிளகாய்த்தூள் டப்பாக்களுக்கு நடுவே சொட்டு மருந்து இருந்தது. அவருடைய மகள் எங்களை நம்பாமல், யார் அனுப்பினது, ஏன் என்று துருவித் துருவிக் கேட்டாள். சொன்னோம். கேட்டுவிட்டு, "எங்கப்பா கண்ணு போயிருந்தா நான் உங்க க்ளினிக் வாசல்ல வந்து உக்காந்திருப்பேன்" என்றாள். "உக்காந்திருக்கணும்" என்றார் சிஸ்டர். பாட்டில் கைக்கு வந்தது. அவள் இலையில் மீன் வைத்து நீட்டினாள். நாங்கள் இரண்டு நாளில் சூடாகச் சாப்பிட்டது அதுதான்.

4. பச்சையா, தெரியாதா?

திங்கட்கிழமை அலுவலகத்தில் கிரிதரன் சார் நல்ல செய்தி வைத்திருந்தார். வேறு எந்த க்ளினிக்கும் அந்த பேட்சை வாங்கவில்லை. எல்லாக் கம்ப்யூட்டரிலும் புதிய பட்டியல் ஏறிவிட்டது. டிபென்டன்சி பிரச்சினையும் தீர்ந்தது. அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. டிபென்டன்சி ஒரு காரணம்தான். நாளைக்கு க்ளினிக்கில் இன்டர்நெட் அறுந்தால்? டிஸ்க் நிறைந்துபோனால்? பட்டியல் நம்முடையதுதான் என்று உறுதிசெய்யும் சர்வரின் டிஜிட்டல் சாவி காலாவதியானால்? பட்டியல் பழசாவதற்கு நூறு வழி இருக்கிறது. நூறு வழியிலும் திரை பச்சைதான் காட்டும். "பட்டியலில் இல்லை" என்பதும் "என்னிடம் இருக்கும் பட்டியல் செல்லாது" என்பதும் கவுண்டரில் இருப்பவருக்கு ஒரே நிறம்.

"மூணாவது ஒரு கலர் வேணுங்க சார். மஞ்சள். பட்டியல் ரெண்டு வாரத்துக்கு மேல பழசுன்னா, பச்சை வரவே கூடாது. 'எனக்குத் தெரியாது, வேற இடத்துல கேளுங்க'ன்னு வரணும்."

"புரோகிராமைத் தொடணும். ஃப்ரீஸ் மேரி."

"தொட்டுத்தான் ஆகணுங்க சார்."

"நெட் இல்லாத க்ளினிக்ல எப்பவும் மஞ்சளாவே நிக்கும். பயந்துடுவாங்க."

"அங்க எப்பவும் நமக்குத் தெரியாதுதானுங்க சார். அதத்தானே சொல்லப்போறோம்?"

இந்த வாதம் பல நாள் நடந்தது. க்ளினிக்குகளின் கூட்டமைப்பில் நிர்வாகி ஒருவர் இருந்தார். அவரும் எதிர்த்தார். வீடியோ காலில், "எங்க ஸ்டாஃப் சிவப்பு, பச்சைக்குப் பழகிட்டாங்க. மூணாவது கலர் வந்தா குழம்பிப் போயிடுவாங்க. கூட்டமா இருக்கிற நேரத்துல யாரு ஒவ்வொரு மருந்துக்கும் போன் போட்டுட்டு இருக்கிறது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திங்கட்கிழமை ஓ.பி. கூட்டத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நான் பிலோமினா சிஸ்டரை அந்த காலில் சேர்த்தேன். அவர் நீளமாகப் பேசவில்லை.

"அன்னைக்கு மஞ்சளா வந்திருந்தா, நான் அப்பவே சேலத்துக்குப் போன் பண்ணியிருப்பேன். ஒரு போன்தான். அதுக்குப் பதிலா ஊர் ஊரா போய் கேட்டு வாங்கினேன். எங்க ஸ்டாஃப் குழம்பட்டுங்க. குழம்பினா கேப்பாங்க. பச்சையப் பாத்தா யாரும் கேக்கறதில்ல."

கிரிதரன் சார் நிமிர்ந்து, "மூணாம் வெர்ஷன் வேணாம். ரெண்டாம் வெர்ஷன்லயே இந்த ஒரு மாத்தம் மட்டும். நம்ம கிட்ட இருக்கிற ஒவ்வொரு மாடல் மெஷின்லயும் ஓட்டிக் காட்டுங்க. ஒண்ணுல நின்னாலும் அனுப்ப மாட்டேன்" என்றார்.

ஓட்டிக் காட்டினேன். ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கம்ப்யூட்டர்களையெல்லாம் தூசி தட்டி வரிசையாக வைத்தேன். அதில் ஒன்று என்னைக் காப்பாற்றியது. பழைய பட்டியலைப் போட்டு வைத்தும் அது மட்டும் பச்சையே காட்டியது. மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், அதன் போர்டு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் போய் வந்தால் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடும். அந்தக் கம்ப்யூட்டரின் கணக்கில் எங்கள் பட்டியல் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காதது எப்படிப் பழசாகும்? மலையில் மின்வெட்டு அதிகம், பேட்டரி மாற்றுகிறவர் யாருமில்லை. அங்கே இப்படி எத்தனை கம்ப்யூட்டர் இருக்கும்! பட்டியலின் தேதி கம்ப்யூட்டரின் தேதிக்குப் பிந்தியதாக இருந்தாலும் மஞ்சள் என்று இன்னொரு விதி சேர்த்தேன்.

பேக்கேஜ் செய்யும் முறையையும் மாற்றினேன். இன்று நீங்கள் பின்பற்றுவது அந்த முறைதான். வெர்ஷன் எண்ணே தேதியாக இருக்க வேண்டும், பார்த்தவுடன் வயது தெரிய வேண்டும். டேட்டா எந்தப் புரோகிராம் வெர்ஷனையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஃப்ரீஸ் புரோகிராமுக்குத்தான், டேட்டாவுக்குக் கிடையாது. போன வாரத்தைவிடப் பட்டியல் சுருங்கியிருந்தால் பில்ட் நின்றுவிட வேண்டும், ஒரு மனிதர் பார்த்த பிறகே போக வேண்டும். நெட் வராத இடங்களுக்குப் பென்டிரைவில் அதே பேக்கேஜ் பஸ்ஸில் போக வேண்டும். சர்வரில் ஏறியது என்பதோடு வேலை முடியவில்லை. கடைசிக் கம்ப்யூட்டரில் எந்தத் தேதிப் பட்டியல் இருக்கிறது என்ற தகவல் நமக்குத் திரும்பி வர வேண்டும். வராத கம்ப்யூட்டரின் க்ளினிக்குக்குப் போன் போட வேண்டும்.

5. போன்கள்

மாற்றத்தை அனுப்பிய காலையில் ஒன்பதரைக்கெல்லாம் போன் அடிக்கத் தொடங்கியது. "திரை மஞ்சளாயிடுச்சு." "உங்க அப்டேட்டால கெட்டுப்போச்சு." "பழையபடி பண்ணிக் குடுங்க." மதியத்துக்குள் எங்களிடமிருந்த மூன்று போனும் சூடாகிவிட்டன. நாங்கள் சரியாகிவிட்டதாக நினைத்திருந்த கம்ப்யூட்டர்களில் பல உண்மையில் சரியாகவில்லை. சில கடிகாரம் கெட்டவை. சிலவற்றில் டிஸ்க் நிறைந்து, சிறிய புரோகிராம் ஏறியும் பெரிய பட்டியல் பாதியில் நின்றிருந்தது. ஒரு க்ளினிக்கில் யாரோ வாராந்தரப் பட்டியல் அப்டேட்டை மட்டும் அணைத்து வைத்திருந்தார்கள், பிரிண்ட் எடுக்கும்போது தொந்தரவாக இருக்கிறதென்று. இவையெல்லாம் நேற்று வரை பச்சை காட்டியவை.

ஒரு பார்மசிஸ்ட் என்னிடம் மிகவும் கோபமாகப் பேசினார். "இதுக்கு முன்னாடி நல்லாத்தானேம்மா இருந்துச்சு?"

"இல்லீங்க. நல்லா இருக்கிற மாதிரி இருந்துச்சு" என்றேன். இதை அன்று எத்தனை பேரிடம் சொன்னேனோ!

நடுவில் திரும்பிப் பார்த்தால், கிரிதரன் சார் மூன்றாவது போனில் இருந்தார். "பழையபடி பண்ண மாட்டோங்க" என்று யாரிடமோ பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மஞ்சள் போகணும்னா பட்டியல் வரணும். அதுக்கு என்ன வேணுமோ நாங்க செய்யறோம். ஆனா அந்தக் கலரை எடுக்க மாட்டோம்."

மஞ்சள் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தெளிய சில வாரம் பிடித்தது. பேட்டரி வாங்கி அனுப்பினோம். பென்டிரைவ் அனுப்பினோம். சில இடத்துக்கு நானே போனேன். கூட்டமைப்பின் நிர்வாகி கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார்.

முனியம்மாவின் கண் பிழைத்தது. பார்வை முழுதாகத் திரும்பவில்லை, ஒரு பக்கம் புகை படர்ந்த மாதிரிதான் தெரியும் என்று சிஸ்டர் சொன்னார். புளி தட்டுகிற வேலைக்குப் போகிறார். அந்தச் சொட்டு மருந்தால்தான் வந்தது என்று டாக்டர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியாது.

டேட்டா பேக்கேஜ்தானே, அதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று உங்களிடம் யாராவது கேட்டால், நம் வேலை ஃபைலை அனுப்புவதோடு முடிவதில்லை என்று சொல்லுங்கள். புரோகிராம் கெட்டால் நின்றுவிடும். நின்றால் யாராவது கூப்பிடுவார்கள். டேட்டா பழசானால் நிற்காது. அதே வேகத்தில், அதே தைரியத்தோடு தவறாகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் நீங்கள் கட்டுகிற எதுவாக இருந்தாலும், தனக்குத் தெரியாதபோது தெரியாது என்று சொல்கிற மாதிரி கட்டுங்கள். அதற்காகச் சண்டை போட வேண்டியிருந்தால் போடுங்கள். எல்லோரும் போன் செய்து திட்டுவார்கள். எடுத்துப் பேசுங்கள்.

போன மழைக்காலத்தில், மரம் விழுந்து கேபிள் அறுந்து, அரூர் பக்கத்து மலைக் க்ளினிக் ஒன்றில் இரண்டு வாரத்துக்கு மேல் நெட் இல்லை. அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் எனக்குப் போன் செய்தார். மழைச் சத்தத்தில் அவர் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"மேடம், இங்க மஞ்சள் வந்திருக்குது. கொழந்தைங்க ஜுர மருந்து. வெளிய ஆளுங்க நிக்கறாங்க, குடுக்காம வெச்சிருக்கேன். நம்பர் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்கம்மா" என்றேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அடித்துப் பார்த்தேன். அந்த பேட்சில் எந்தக் குறையும் இல்லை.

"குடுக்கலாங்க" என்றேன்.

"சரிங்க மேடம். அடுத்த மருந்தோட நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க" என்றார்.